பாவு நீட்டிய தெருவில் கோடு பழகுதல்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பாவு நீட்டுவார்கள். தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைகள்தான் பாவு. மூன்று சேலைக்கான பட்டு இழைகள் இடுப்பு உயரத்தில், குறுக்குக் கட்டைகளின் மேல் தட்டையாக விரிந்து, ஐந்தாறு வீடுகளின் வாசல்களைக் கடந்து ஓடும். கஞ்சி தடவி, இழை பிரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துவிட வேண்டும். அந்தப் பரபரப்பிலும் அப்பா ஒரு காரியத்தை நிதானமாகச் செய்வார். பாவின் ஒரு முனைக்குப் போவார். குனிந்து, கண்ணை இழைகளின் மட்டத்துக்கு இறக்கி, மறுமுனை வரை நீளவாக்கில் பார்ப்பார். நிமிர்ந்து நின்று பார்த்தால் இழைகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அப்படிக் குனிந்து பார்த்தால் மட்டும் தொய்ந்த இழை தனியாகத் தொங்குவது கண்ணில் படும். "ஓரத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளி ஒன்று தொய்ந்திருக்கிறது பார் அக்கா" என்று அத்தையிடம் சொல்வார். அத்தை போய்ப் பார்த்தால் அங்கே ஒன்று இருக்கும்.

நான் 22 ஆண்டுகளாகக் கல்யாண வீடுகளிலும் சேலைக் கடைகளுக்காகவும் படம் எடுத்து வருகிறேன். படத்தில் கோடுகளைக் கையாள்வது பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தக் குனிந்த பார்வையிலிருந்து வந்தது. கோடு தானாக அழகாக இருப்பதில்லை. நம் கண் எந்த உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வைத்து அது படத்தில் உருவாகிறது. உருவான பிறகு பார்ப்பவரின் கண்ணைப் பிடித்து எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே ஷட்டரை அழுத்தும் முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்தக் கோடு கண்ணை எங்கே கொண்டுபோய் விடுகிறது?

இதைப் படிக்கும் உங்களிடம் நல்ல கேமரா இருக்க வேண்டும் என்பதில்லை, செல்பேசி போதும். அமைப்புகளுக்குள் போய், திரையில் மூன்றுக்கு மூன்று கட்டம் தெரியும்படி வைத்துவிடுங்கள். மட்டம் காட்டும் வசதி இருந்தால் அதையும் இயக்கிவிடுங்கள்.

உயரத்தில் தொடங்குங்கள்

ஒரு நீளமான பொருளைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊரில் தெருப்பாவு இருக்காது. எங்கள் தெருவிலேயே நான் சிறுமியாக இருந்தபோது பார்த்த அளவுக்கு இப்போது இல்லை. ரயில் நிலைய நடைமேடை, வயல் வரப்பு, பள்ளிக்கூடத் தாழ்வாரம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், எதுவானாலும் சரி. தண்டவாளம் வேண்டும் என்றால் நடைமேடையின் முனையில் நின்று எடுங்கள். தண்டவாளத்தில் இறங்குவது உயிருக்கு ஆபத்து. ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

நான் பாவையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அதன் முனையில் நின்று, கேமராவை முகத்துக்கு நேராகப் பிடித்து ஒரு படம் எடுங்கள். இழைகள் உங்கள் காலடிப் பக்கம் அகலமாகத் தொடங்கி, தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கிக் குறுகும். இப்போது முழங்காலை மடக்கி, கேமராவை இழைகளுக்கு ஒரு சாண் மேலே கொண்டுவாருங்கள். அத்தனை அகலமும் நசுங்கி ஒரு மெல்லிய பட்டையாகிவிடும். இன்னும் இறக்கி இழையின் மட்டத்திலேயே வைத்தால் பாவு முழுவதும் ஒரே கோடாகிவிடும். அந்தக் கோட்டுக்கு மேலே கஞ்சி தடவும் அத்தையின் முகமும், கீழே தெருவில் நிற்கும் கால்களும் தெரியும். அடுத்து மாடிக்குப் போங்கள். குறுகல் பெரும்பாலும் மறைந்து, பாவு தெருவின் மேல் விரித்த நீண்ட துணியாகிவிடும். பொருள் ஒன்றுதான், படங்கள் நான்கு.

இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் எந்த இடத்திலும் பயன்படும். உங்களை விட்டு விலகி ஓடும் கிடைமட்டக் கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால், படத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேருவது போலத் தெரியும். அதை மறைபுள்ளி என்பார்கள். அந்தப் புள்ளி எப்போதும் கேமராவின் உயரத்தில்தான் இருக்கும். கேமராவுக்குக் கீழே உள்ள கோடுகள் அதை நோக்கி ஏறும். மேலே உள்ளவை அதை நோக்கி இறங்கும். கேமராவைத் தாழ்த்தினால் தரை நசுங்கும், கூரை விரியும். உயர்த்தினால் தரை விரியும், கூரை நசுங்கும். தாழ்வாரத்தில் மேலே விட்டங்கள் அழகாக இருந்தால் குனியுங்கள். தரையில் கோலமோ பூத்தளமோ இருந்தால் கையை உயர்த்துங்கள்.

உயரத்துக்கு அடுத்தது தூரம். பலரும் நின்ற இடத்தில் நின்றபடி ஜூம் செய்கிறார்கள். ஜூம் செய்வது நறுக்குவதற்குச் சமம். கோடுகள் குறுகும் விதத்தை அது மாற்றாது. மாற்றுவது உங்கள் கால்தான். அகன்ற லென்ஸை வைத்துக்கொண்டு கோட்டின் தொடக்கத்துக்கு மிக அருகில் போனால், அருகில் உள்ள பகுதி தடித்து, தூரத்தில் உள்ளது ஊசியாக மெலியும். அந்தத் தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள வேறுபாடுதான் தட்டையான படத்தில் ஆழத்தைக் காட்டுகிறது. செல்பேசியில் 0.5 என்று இருக்கும் மிக அகன்ற லென்ஸில் ஓரங்கள் இழுபடும். அங்கே மனிதர்களை வைக்காதீர்கள், தலை நீண்டுவிடும்.

கோட்டின் முடிவு

பாவு நீட்டுவதைப் படமெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டு போகும் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இழைகள் பளபளப்பாக ஓடி, தெருவின் கோடியில் நிறுத்தியிருக்கும் ஒரு ஸ்கூட்டரில் போய் முடியும். அவர்கள் ஸ்கூட்டரைப் பார்க்கவே இல்லை. இழையைத்தான் பார்த்தார்கள். ஆனால் இழை நம்மைக் கொண்டுபோய் விட்ட இடம் அதுதான். படத்தைப் பார்க்கிறவரின் மனதில் கடைசியில் ஸ்கூட்டர்தான் தங்கும்.

முதலில் கோட்டின் முடிவைப் பாருங்கள். அங்கே யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அவர் முகம் தெரிகிறதா, முதுகா? யாரும் இல்லையென்றால் வரும்வரை காத்திருக்கலாமா? இல்லையென்றால் ஓரடி நகர்ந்து, கோடு திறந்த கதவிலோ வெளிச்சத்திலோ போய் முடியும்படி செய்ய முடியுமா? கோடு வெறுமையில் முடிவதும் தவறில்லை. மூடுபனியில் மறையும் வரப்பு, திருப்பத்தில் காணாமல் போகும் சாலை, இவையெல்லாம் முடிவுகள்தான். நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட முடிவாக இருந்தால் போதும்.

கோட்டின் தொடக்கத்தைப் பற்றி ஒரு பாடம் அடிக்கடி சொல்லப்படுகிறது. சட்டகத்தின் மூலையிலிருந்தே கோடு தொடங்க வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சரியாக மூலையில் வந்து பொருந்தும் கோடு படத்தை இரண்டு முக்கோணங்களாக வெட்டிவிடுகிறது. கண் அந்த மூலை வழியாக வழுக்கி வெளியேயும் போய்விடுகிறது. மூலைக்கு இரண்டு விரல் தள்ளி, கீழ் விளிம்பிலோ பக்க விளிம்பிலோ கோடு நுழையட்டும். நடைமேடையில் நின்று இரண்டு விதமாகவும் எடுத்து, வீட்டுக்கு வந்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1932இல் பிரான்சின் இயேர் நகரில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. முன்னால் சுருண்டு இறங்கும் படிக்கட்டும் இரும்புக் கைப்பிடியும். கீழே வளைந்து போகும் தெரு. அந்தத் தெருவில், கோடுகளுக்கு நடுவே மீந்த சின்ன இடைவெளியில், ஒரு சைக்கிள்காரர் கலங்கலாகக் கடந்து போகிறார். படிக்கட்டையும் கைப்பிடியையும் தெருவோரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள்; எல்லாம் அந்த இடைவெளியைச் சுற்றியே போகும். நான் மாணவர்களுக்கு முதலில் காட்டும் படம் அது. கோடுகளை முதலில் அமையுங்கள், மனிதர் வரவேண்டிய இடத்தைக் காலியாக வையுங்கள், பிறகு காத்திருங்கள். எங்கள் தெருவில் எனக்கு இது சுலபம். பால்காரர் ஆறேகாலுக்கு வருவார் என்று தெரியும்.

கழுத்தில் விழும் கோடு

கிடைக்கோடு அமைதியைத் தருகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். தென்னேரி ஏரிக்கரையில் நின்றால் தண்ணீர் முடிந்து வானம் தொடங்கும் அந்தக் கோடு ஒன்றே போதும், மனம் அடங்கிவிடும். ஆனால் அது ஒரு பாகை சாய்ந்தாலும் ஏரி ஒரு பக்கமாகக் கொட்டுவது போல இருக்கும். மட்டத்தைப் பார்த்து எடுங்கள். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டால், நேராக்கும்போது நான்கு ஓரங்களும் வெட்டுப்படும். அந்த ஓரத்தில்தான் கொக்கு நின்றிருக்கும். வானத்தில் ஒன்றுமில்லையென்றால் கோட்டை மேலே தள்ளித் தண்ணீருக்கு இடம் கொடுங்கள். மேகம் திரண்டிருந்தால் கீழே இறக்குங்கள். பிரதிபலிப்பு அசையாமல் கிடக்கும் காலையில் மட்டும் நடுவில் வைக்கலாம்.

கிடைக்கோட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இதைவிட வேறொன்று.

அப்பா தறியில் உட்கார்ந்து நெய்வதை நான் ஒரே ஒரு முறைதான் ஒழுங்காகப் படமெடுத்தேன். குழித்தறி, கால்கள் குழிக்குள் இருக்கும், உடம்பு தரைமட்டத்தில் இருக்கும். நான் அவருக்கு எதிரே அரை மண்டியிட்டிருந்தேன். சன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தது. முகம் நன்றாக இருந்தது. எங்கள் வீட்டுச் சுவரின் அடியில் ஓரடிக்குமேல் செங்காவி பூசியிருப்போம், அதற்கு மேலே வெள்ளை. அந்தக் காவியும் வெள்ளையும் சேரும் கோடு சரியாக அப்பாவின் கழுத்துக்குப் பின்னால் ஓடுகிறது. படத்தைப் பார்த்தால் கண் முகத்துக்குப் போவதற்கு முன் அந்தக் கோட்டில் மோதி நிற்கிறது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் அப்பா இறந்துவிட்டார். இன்றும் கூடத்தில் மாலை போட்டிருப்பது அந்தப் படம்தான். அம்மாவுக்கு அந்தக் கோடு தெரிவதில்லை. எனக்குத் தெரிகிறது.

அதற்குப் பிறகு நான் கணக்குப் போட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஆள் அருகில் இருக்கிறார், கோடு அவருக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. கேமராவைக் கீழே இறக்கினால் அருகில் இருப்பவர் உயர்வார், பின்னால் இருக்கும் கோடு அவரைவிடக் குறைவாகவே உயரும். ஆகவே அது அவர் உடம்பில் கீழே இறங்கியதாகத் தெரியும். கேமராவை மேலே ஏற்றினால் கோடும் அவர் மேல் ஏறும். நான் அன்று தரையில் உட்கார்ந்திருந்தால் காவிக்கோடு தோளுக்குக் கீழே போய் உடம்பின் பின்னால் மறைந்திருக்கும். எழுந்து நின்றிருந்தால் தலைக்கு மேலே போயிருக்கும். இரண்டுக்கும் நடுவில், இருப்பதிலேயே மோசமான உயரத்தில் இருந்தேன்.

கல்யாண மேடையில், கடற்கரையில், சன்னலோரத்தில், எங்கே ஆளைப் படமெடுத்தாலும் முதலில் பின்னால் உள்ள கிடைக்கோடுகளைத் தேடுங்கள். சன்னல் சட்டம், கொடிக்கயிறு, சுவர்ப்பட்டை, அடிவானம். கழுத்து, கண், முழங்கால் ஆகிய மூன்றிலும் அவை விழக் கூடாது. மார்புக்கு நேராகவோ தலைக்கு ஒரு சாண் மேலேயோ விழலாம். இதற்கு ஆகும் நேரம் மூன்று விநாடி.

கோபுரமும் செங்குத்துக் கோடும்

எங்கள் ஊர் ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு ராஜகோபுரம் 1509இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. சுமார் 59 மீட்டர் உயரம். அதை வாசலுக்கு அருகில் நின்று எடுத்தால் கேமராவை அண்ணாந்து பிடிக்க வேண்டியிருக்கும். அண்ணாந்த உடனே செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். கோபுரம் ஏற்கெனவே மேலே குறுகுவது. அதற்கு மேல் இதுவும் சேர்ந்தால் பின்பக்கமாகச் சாய்ந்து விழுவது போல இருக்கும்.

கேமராவின் முதுகு தரைக்குச் செங்குத்தாக இருக்கும்வரை படத்திலும் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே இருக்கும். அப்படி நேராகப் பிடித்தும் உச்சிக் கலசம் சட்டகத்துக்குள் வர வேண்டுமானால் பின்னால் போக வேண்டும். எவ்வளவு? கேமராவை நெடுவாக்கில் பிடித்து, முழுச்சட்டகக் கேமராவில் (35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 24 மில்லிமீட்டர் லென்ஸோ செல்பேசியின் சாதாரண லென்ஸோ வைத்தால், கட்டடத்தின் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரம். இந்தக் கோபுரத்துக்கு 80 முதல் 90 மீட்டர். சன்னதித் தெருவில் பின்னாலேயே நடந்து போங்கள், வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு. அந்தத் தூரத்திலிருந்து எடுத்தால் படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் தெருவாக இருக்கும். வேண்டாமென்றால் வெட்டிவிடலாம். நான் வெட்டுவதில்லை. பூக்காரம்மாவின் கூடைக்கும், தெருவோரம் நிழலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அந்தப் பாதியில் இடம் இருக்கிறது. கோபுரம் எவ்வளவு பெரியது என்று சொல்பவர்களும் அவர்கள்தான்.

பின்னால் போக இடமில்லையென்றால் எதிர்த்திசையில் துணியுங்கள். அடியிலேயே போய், நேராக மேலே பார்த்து எடுங்கள். கோடுகள் வேகமாகக் குவியும். பார்ப்பவருக்கு அது வேண்டுமென்றே செய்தது என்று புரியும். இரண்டுக்கும் நடுவே கொஞ்சமாக அண்ணாந்து எடுத்த படம்தான் பிழையாகத் தெரிகிறது.

இன்னொன்று. கோயில்களுக்குள் செல்பேசி எடுத்துப் போவதைத் தடை செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அதனால் தெருவிலிருந்து எடுக்கக்கூடியதைத் தெருவிலிருந்தே எடுங்கள். உள்ளே போகும் இடங்களில் வாசலிலேயே கேட்டுவிடுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும்.

வரிசையும் கோடுதான்

கைலாசநாதர் கோயிலின் சுற்றுமதிலை ஒட்டி 58 சிற்றாலயங்கள் வரிசையாக நிற்கின்றன. ராஜசிம்ம பல்லவன் காலத்தவை, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். அங்கே யாரும் கோடு போடவில்லை. ஆனால் ஒரே உயரம், ஒரே இடைவெளி, ஒரே உருவம் திரும்பத் திரும்ப வரும்போது கண் தானாகவே அவற்றின் உச்சிகளைக் கோத்து ஒரு கோட்டை இழுத்துக்கொள்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயிலின் சிங்கத்தூண் சுற்றிலும் அப்படித்தான்.

தூண்வரிசையில் எல்லோரும் நடுவில் போய் நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் சமமாக வரும், அழகாகத்தான் இருக்கும். ஒருமுறை நடுவிலிருந்து எடுத்துவிட்டு, பிறகு ஒரு பக்கச் சுவரை ஒட்டி நில்லுங்கள். அந்தச் சுவரின் சிற்பங்கள் வேகமாக ஓடிக் குறுகும்; எதிர்ப்பக்கத் தூண்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நிற்கும். ஒரு பக்கம் விரைவும் மறுபக்கம் நிதானமும் சேர்ந்த அந்தப் படம்தான் எனக்குப் பிடிக்கும். தாழ்ந்த வெயில் வரும் நேரமாக இருந்தால் தூண்களின் நிழல் தரையில் பட்டை பட்டையாக விழும். நிற்கும் தூண் செங்குத்துக் கோடு, விழுந்த நிழல் சாய்கோடு. வெயில் உச்சிக்குப் போனால் நிழல்பட்டைகள் சுருங்கிவிடும், ஆகவே காலை ஒன்பதுக்கு முன்பே போங்கள்.

சாய்கோடு என்றதும் ஒரு எச்சரிக்கை. ரஷ்யக் கலைஞர் அலெக்சாந்தர் ரோத்சென்கோ 1930இல் எடுத்த படிக்கட்டுப் படத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் படியேறுகிறாள். படிகளின் நிழல்கள் சட்டகம் முழுவதும் சாய்வாக ஓடுகின்றன. அதைப் பார்த்துவிட்டுக் கேமராவைச் சாய்த்துச் சாய்த்து எடுக்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. அந்தப் படத்தில் ஏறுவது என்ற செயலும் சாய்வும் ஒன்றாக இருக்கின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும் தாத்தாவைச் சாய்த்து எடுத்தால் அவர் சரிந்து விழுவார், அவ்வளவுதான். சாய்கோடு வேண்டுமென்றால் கேமராவைச் சாய்க்காமல் நீங்கள் இடம் மாறுங்கள். தறிக்கு நேர் எதிரே நின்றால் அதன் முன்கட்டை கிடைக்கோடு. பக்கவாட்டில் நாலடி நகர்ந்தால் அதே கட்டை சாய்கோடு.

வளைகோட்டுக்கு அவசரம் கிடையாது. ஏரிக்கரையின் வளைவை எடுக்க மதகின் மேலே ஏறி நில்லுங்கள். கரைமேல் நடக்கும் உயரத்தில் வளைவு நசுங்கிவிடும். வாசலில் சிக்குக்கோலம் போடுவதை எடுக்கும்போது, முடிந்த கோலத்தை மேலிருந்து எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். மாவு விரலிடுக்கிலிருந்து இறங்கிக் கோடாக மாறும் அந்த இடத்தை, போடுபவரிடம் கேட்டுவிட்டு, தரையோடு தரையாக இருந்து எடுங்கள். பாதி போட்ட கோலத்தில் கோடு எங்கே போகப் போகிறது என்று பார்ப்பவரின் கண் தானே தேடும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடும் இருக்கிறது. தறிக்காரரின் பார்வை, குறுக்கு இழையைக் கொண்டு ஓடும் நாடாவின் மேல் இருக்கும். அவர் கண்ணுக்கும் நாடாவுக்கும் நடுவே படம் பார்ப்பவர் ஒரு கோட்டை இழுத்துக்கொள்வார். அந்தக் கோட்டின் இரண்டு முனைகளும் சட்டகத்துக்குள் இருக்கட்டும். கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் கோத்து நெய்வார்கள். உதவிக்கு இன்னொருவர் கூட உட்கார்ந்திருப்பார். அப்போது இரண்டு பார்வைகள் ஒரே இடத்தில் வந்து சேரும். நான் எடுத்த தறிப் படங்களில் எனக்கு நெருக்கமானது அப்படி ஒரு படம். அதில் உண்மையான கோடு என்று ஒன்றுமே இல்லை.

கருவி பற்றிச் சில

கோடு முதலிலிருந்து கடைசி வரை கூர்மையாக வேண்டுமென்றால், முழுச்சட்டகக் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸின் துளையை எஃப் 11 அளவில் வைத்து, ஒன்றே முக்கால் மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். ஏறக்குறைய 90 சென்டிமீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை தெளிவாக இருக்கும். துளையைப் பெரிதாக்கி ஒரு பகுதியை மட்டும் கூர்மையாக்குவதானால், கோட்டின் முடிவைக் கூர்மையாக்குங்கள். தொடக்கம் கலங்கியிருந்தால் கண் அதைத் தாண்டிப் போகும். முடிவு கலங்கியிருந்தால் ஏமாற்றம்.

ஷட்டர் வேகத்தைக் குறைத்தும் கோடு உண்டாக்கலாம். விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு வைத்து, கேமராவை அசையாமல் ஊன்றிப் பிடித்தால், ஓடும் நாடா ஒரு வெளிச்சக் கீற்றாகப் பதியும், தறி அசையாமல் நிற்கும். பத்துப் பதினைந்து படங்களில் ஒன்று அமையும்.

நெருக்கமான இழைகளை எடுக்கும்போது திரையில் வானவில் போல அலை அலையாக ஏதோ தெரியும். பட்டுக்கு அந்த நிறம் கிடையாது. இழைகளின் நெருக்கமும் சென்சார் புள்ளிகளின் நெருக்கமும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது அது, மோரே என்பார்கள். கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ நகருங்கள், அல்லது கேமராவின் கோணத்தைச் சிறிது மாற்றுங்கள். சேலைக் கடைக்காக எடுக்கும்போது இதை அங்கேயே பெரிதாக்கிப் பார்த்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்து நீக்கினால் சேலையின் நிறமும் சேர்ந்து போய்விடும்.

மின்கம்பிகளைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். எங்கள் தெருக்களில் வானம் முழுக்கக் கம்பிதான். செல்பேசியிலேயே அழித்துவிடலாம் என்கிறார்கள். அழிக்க நான் விரும்புவதில்லை, அது எங்கள் தெருவின் வானம். ஆனால் கம்பி முகத்தைக் கடந்தால் ஓரடி நகர்வேன். பல கம்பிகளும் ஒரே திசையில் ஓடினால் பாவு ஓடும் திசையோடு அவை சேரும் இடத்தில் போய் நிற்பேன். இரண்டும் ஒரே புள்ளியை நோக்கிப் போகும் ஒரு இடம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தேடினால் கிடைக்கும்.

பழகுவதற்கு ஒரு காலையை ஒதுக்குங்கள். ஒரே ஒரு கோடு, இருபது படம். உயரத்தை மாற்றி ஐந்து, தூரத்தை மாற்றி ஐந்து, முடிவை மாற்றி ஐந்து, கடைசி ஐந்தும் ஒரே இடத்தில் நின்று, யாராவது வரும்வரை காத்திருந்து. இருபதையும் கறுப்பு வெள்ளையாக்கிச் சிறியதாக ஒரே திரையில் வைத்துப் பாருங்கள். நிறம் போனபிறகு, சிறியதான பிறகு, கோடு மட்டும்தான் மிஞ்சும். எது நிற்கிறது என்று அப்போது தெரியும்.

பாவை எடுக்கவே நீங்கள் காஞ்சிபுரம் வருவதாக இருந்தால் ஐந்தரைக்கே தெருவில் இருங்கள். வேலை செய்பவர்களிடம் முதலில் பேசுங்கள், பிறகு கேமராவை எடுங்கள். மறுபக்கம் போக வேண்டுமென்றால் பாவைத் தாண்டாதீர்கள், அடியிலும் நுழையாதீர்கள். முனைவரை நடந்து சுற்றிப் போங்கள். கேமராவின் தோள்பட்டை வார் தொங்கி இழையில் மாட்டினால் ஒரு குடும்பத்தின் பல நாள் கூலி போய்விடும், ஆகவே அதைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். ஏழரை மணிக்குள் சுருட்டிவிடுவார்கள். சுருட்டும்போதும் எடுங்கள். நீண்டு கிடந்த இழைகள் எல்லாம் ஓர் உருளைக்குள் போய்ச் சேரும், அதைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளில் வந்து முடியும்.